கியர் சைக்கிளும் குச்சனூரும்: ஒரு பல்சக்கரம் அதிகமான கதை

கொஞ்சம் கொசுவத்தி சுத்தாம இந்தப் பதிவை ஆரம்பிக்க முடியாது. பொறுத்துக்கோங்க மக்களே.

2011ல நான் ஒன்பதாவது படிச்சுக்கிட்டிருந்தேன். அப்பா மதுரையில இருந்து செகண்ட் ஹேண்ட்ல ஒரு கியர் சைக்கிள் வாங்கிட்டு வந்தார். முன்னால மூணு பல்சக்கரம், பின்னால ஆறு, ஆக மொத்தம் 18 கியர். எங்க தெருவுக்கு அதுதான் முதல் கியர் சைக்கிள். ஒரு வாரத்துக்கு நான்தான் ஹீரோ :-)

குச்சனூர்னா பல பேருக்குச் சனீஸ்வரன் கோயில் ஞாபகம் வரும். ஆடி மாசச் சனிக்கிழமைகள்ல வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மத்த நாள்ல சுரபி நதி, நெல் வயல், தென்னை, அவ்வளவுதான். ஊரு தட்டையானது. பழைய இருபத்தெட்டு இஞ்ச் சைக்கிள்ல சின்னமனூர் போய்ட்டு வரக் கியரே வேண்டாம். ஆனா எந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாலும் மலை. போடிமெட்டு ஒரு பக்கம், மேகமலை ஒரு பக்கம், தெற்கே குமுளி. பதினாலு வயசுப் பையன் கையில கியர் சைக்கிளும் கண்ணு முன்னால மலையும் இருந்தா என்ன நடக்கும்?

அதேதான் நடந்தது. போடி தாண்டி முந்தல்ல இருந்து மலைப்பாதை ஏற ஆரம்பிச்சு அரை மணி நேரம் ஆகியிருக்காது. பின்னால இருக்கிறதுலயே பெரிய பல்சக்கரத்துக்கு மாத்தினேன். செயின் அதைத் தாண்டி ஸ்போக்ஸுக்குள்ள விழுந்தது. அடுத்த மிதியில டிரெயிலியர், அதாங்க பின்னால தொங்குமே கியர் மாத்துற கருவி, அதுவும் கூடவே உள்ள போச்சு. ஏழெட்டு ஸ்போக்ஸ் காலி. போடி வரைக்கும் சைக்கிளைத் தூக்கியும் தள்ளியும் வந்து, அங்கிருந்து ஒரு லோடு வண்டிக்காரர் தயவுல வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் எங்க ஊரு சைக்கிள் கடை அண்ணன் அதைப் பார்த்தார். பத்து நிமிஷம் ஒண்ணும் பேசலை. அப்புறம் டிரெயிலியரைக் கழட்டி ஓரமாப் போட்டார், செயினை அறுத்துச் சின்னதாக்கினார், நடு பல்சக்கரத்துல மாட்டினார். “இனி ஒரே கியருதான் தம்பி. எங்கிட்டும் நிக்காது.”

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. ஏன்னா ரெண்டு மாசம் முன்னாடிதான் அவர்கிட்டயே ஃப்ரீவீல் மாத்தியிருந்தேன். பழைய ஆறு பல்சக்கரமும் தேஞ்சு போனதால, தேனிக்குப் போய் ஏழு பல்சக்கரம் உள்ளதை வாங்கிட்டு வந்து மாட்டினார். “ஒண்ணு கூட இருக்கு, நல்லதுதானே தம்பி”ன்னு சிரிச்சார். அதுக்கப்புறம்தான் எல்லாப் பிரச்சினையும். “அந்தாளுக்கு ஒண்ணும் தெரியாதுடா”ன்னு ஸ்கூல் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அது அவர் காதுக்கும் போச்சு. பன்னிரண்டாவது முடிக்கிற வரைக்கும் அந்த ஒத்தை கியர்லயே ஓட்டினேன், அவர் கடையைத் தாண்டிப் போகும்போது மட்டும் தலையைத் திருப்பிக்குவேன்.

இப்போ பொட்டி தட்டுற வேலை. போன வருஷம் ஊருக்குப் போனப்போ மாட்டுக் கொட்டத்துல அந்தச் சைக்கிள் கிடந்தது. சரி செய்யலாம்னு இறங்கினேன். தப்பு யாரு மேலன்னு தேடப் போய் நூறு வருஷத்துக் கதைக்குள்ள மாட்டிக்கிட்டேன். அதைத்தான் சொல்லப் போறேன்.

தடம் புரட்டி

டிரெயிலியர் ஒரு பிரெஞ்சு வார்த்தை. ரயில் தடம் புரளுறதுக்கு என்ன வார்த்தையோ அதே வேர்தான். ஓடுற செயினை ஒரு பல்சக்கரத்துல இருந்து வேணும்னே தடம் புரள வச்சு அடுத்ததுல உக்கார வைக்குது. வேலை அவ்வளவுதான்.

இந்த யோசனையைப் பரப்பினவர்ல முக்கியமானவர் பால் தெ விவி. வெலோசியோங்கிற புனைபெயர்ல எழுதுவார். பிரான்ஸ்ல செந்த் எத்தியென் ஊர்க்காரர். 1887ல சைக்கிளுக்குன்னே ஒரு பத்திரிகை ஆரம்பிச்சார். (நம்ம ஜாதி! சொந்தச் செலவுல எழுதித் தள்ளுற ஆளு.) அவர் ஊரும் நம்ம ஊரு மாதிரிதான், வீட்டை விட்டுக் கிளம்பினா மலை. மலையில ஏற ஒரு கியர் பத்தாதுன்னு ஆயுசு பூரா எழுதினார்.

எதிர்க்கட்சியில ஆன்றி தெக்ராஞ்ச். 1903ல டூர் த பிரான்ஸ் பந்தயத்தை ஆரம்பிச்சவர். கியர் மாத்துறதெல்லாம் 45 வயசு தாண்டினவங்களுக்குத்தான், ஆம்பளைன்னா காலோட வலுவுல ஜெயிக்கணும்ங்கிறது அவர் கட்சி. 1902ல பிரெஞ்சு டூரிங் கிளப் நடத்தின மலைப்பாதைப் போட்டியில, மூணு கியர் சைக்கிள்ல வந்த மார்த் எஸ்ங்கிற பெண், ஒத்தை கியர்ல வந்த எதுவார் ஃபிஷர்ங்கிற சாம்பியனை முந்தினாங்க. தெக்ராஞ்ச் அசரலை. டூர் பந்தயத்துல டிரெயிலியர் உள்ள வர 1937 ஆச்சு. அந்த வருஷம் ஜெயிச்ச ரோழே லாப்பெபி டிரெயிலியர் வச்சுத்தான் ஓட்டினார்.

அது வரைக்கும் என்ன பண்ணினாங்க? பின் வீலோட ரெண்டு பக்கமும் வேற வேற அளவுல பல்சக்கரம் இருக்கும். மலை வந்தா இறங்கி, நட்டைக் கழட்டி, வீலைத் திருப்பி மாட்டணும்! இத்தாலியில 1927 நவம்பர்ல ஒரு பந்தயத்துல, பனியில விரல் விறைச்சுப் போய் நட்டைக் கழட்ட முடியாம நின்னவர் துல்லியோ கம்பனோலோன்னு ஒரு கதை உண்டு. ஸ்பேனர் இல்லாம வீலைக் கழட்டுற குயிக் ரிலீஸ் அவர் பேரோட சேர்ந்தே இன்னைக்கும் பேசப்படுது. 1933ல விச்சென்சாவில கம்பெனி ஆரம்பிச்சார். 1950களோட ஆரம்பத்துல வந்த அவரோட கிரான் ஸ்போர்ட் டிரெயிலியரைப் பார்த்தீங்கன்னா ஆச்சரியப்படுவீங்க. இணைகர வடிவத்துல மடங்கி விரியுற நாலு கை, கீழ ரெண்டு குட்டிச் சக்கரம், ஒரு ஸ்பிரிங், ஒரு கேபிள். இன்னைக்குக் கேபிள்ல ஓடுற கியர் சைக்கிள் எல்லாத்துலயும் அடிப்படை அதேதான்.

கட்டைவிரல் காலம்

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அந்தக் காலத்து லீவருக்கு ‘டிக் டிக்’ கிடையாது. உராய்வுல நிக்கும். எவ்வளவு இழுக்கிறீங்களோ அவ்வளவு நகரும். செயின் சரியா உக்கார்ந்துச்சான்னு காதால கேட்டு, கட்டைவிரலால கொஞ்சம் முன்னப் பின்னத் தள்ளணும். பழைய ரேடியோவுல ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி.

கஷ்டம்தான். ஆனா ஒரு பெரிய வசதி. லீவர் இத்தாலி, டிரெயிலியர் பிரான்ஸ், ஃப்ரீவீல் ஜப்பான்னு எதையும் எதோடயும் பெரும்பாலும் மாட்டிக்கலாம். பின்னால அஞ்சு பல்சக்கரமா ஆறான்னு லீவருக்குத் தெரியவே தெரியாது. அளவு எல்லாம் ஓட்டுறவன் விரல்ல இருந்தது.

1964ல ஜப்பானோட மயேதா கம்பெனி, அதான் சன்டூர், இணைகரத்தைச் சாய்வா வச்சது. மேல் குட்டிச் சக்கரம் பல்சக்கரங்களை ஒட்டினாப்புலயே சரிஞ்சு போகும், மாத்துறது சுலபமாச்சு. அந்தக் காப்புரிமை 1984ல முடிஞ்சது. பக்கத்துலயே காத்துக்கிட்டிருந்தது ஷிமானோ. 1921ல சக்காய் நகரத்துல ஆரம்பிச்ச பட்டறை, முதல்ல செஞ்ச பொருளே ஃப்ரீவீல்தான். சாய்வு இணைகரத்தையும் எடுத்துக்கிட்டு, லீவருக்குள்ள ‘டிக்’கையும் வச்சு, 1984ல துரா ஏஸ் 7400 வரிசையில எஸ்.ஐ.எஸ்.ங்கிற பேர்ல ஷிமானோ இறக்கினது.

ஒரு டிக், ஒரு பல்சக்கரம். காது வேண்டாம், பழக்கம் வேண்டாம். முதல் நாள் ஓட்டுறவனும் கியர் மாத்தலாம். நம்ம பாஷையில சொன்னா அனலாக் டிஜிட்டல் ஆச்சு.

ஆனா அந்த ‘டிக்’ எத்தனை மில்லிமீட்டர்? அதை இனி கம்பெனி முடிவு பண்ணும். ஷிமானோவோட பழைய வகையில கேபிள் ஒரு மில்லி நகர்ந்தா டிரெயிலியர் சுமார் 1.7 மில்லி நகரும். 1987ல சிகாகோவுல ஆரம்பிச்ச ஸ்ராம் கம்பெனி, தன்னோட மலை சைக்கிள் பாகங்கள்ல அதைக் கிட்டத்தட்ட ஒண்ணுக்கு ஒண்ணுன்னு வச்சது. கம்பனோலோவுக்குத் தனி அளவு. ஷிமானோவுக்குள்ளயே 1996 வரைக்கும் துரா ஏஸ் ஒரு அளவு, மத்ததெல்லாம் வேற. 2010ல பத்து கியர் மலை சைக்கிளுக்கு இன்னொரு புது அளவு வந்தது. வெளியில இருந்து பார்த்தா எல்லாம் ஒண்ணு போல இருக்கும், மாட்டினா மாட்டும். ஓட்டினாத்தான் தெரியும். மெத்தட் பேரு ஒண்ணு, உள்ள யூனிட் வேற. நம்மாளுங்களுக்கு இதுக்கு மேல விளக்கத் தேவையில்லை :-(

நம்ம ஊரு ஸ்டாண்டர்டு

அந்த நூறு வருஷமும் நம்ம பக்கம் என்ன நடந்தது? ஒண்ணும் நடக்கலை, அதுதான் விஷயம். 1949ல மெட்ராஸ்ல டி.ஐ. சைக்கிள்ஸ், 1951ல சோனிபட்ல அட்லஸ், 1956ல லூதியானாவுல ஹீரோ. பேரு வேற வேற, ஆனா சைக்கிள் ஒண்ணுதான். இங்கிலாந்து ராலே மாதிரியில கறுப்புச் சட்டம், இருபத்தெட்டு இஞ்ச் வீல், கம்பி பிரேக், ஒரே கியர். ஹெர்குலஸ் செயினு ஹீரோவுல மாட்டும், லூதியானா ஃப்ரீவீலு மெட்ராஸ் வண்டியில மாட்டும். தமிழ்நாடு அரசோட இலவச சைக்கிள் திட்டம் 2001-02ல ஆரம்பிச்சு 2005க்கு அப்புறம் எல்லா ஊர் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்துச்சே, அதுவும் ஒத்தை கியர்தான். அதனாலதான் எந்தக் குக்கிராமத்துலயும் அதைச் சரி பண்ண முடிஞ்சது.

இந்த உலகத்துல தொழில் கத்துக்கிட்டவர் எங்க சைக்கிள் கடை அண்ணன். ‘மரை சேர்ந்தா மாட்டும், மாட்டினா ஓடும்’ங்கிறது அவர் வரைக்கும் அறியாமை இல்லைங்க, அனுபவம். பல வருஷமா ஒரு தடவை கூடப் பொய்க்காத விதி.

ஆறு பல்சக்கர ஃப்ரீவீலுக்கும் ஏழுக்கும் மரை ஒண்ணுதான். மாட்டினார். மாட்டுச்சு.

இப்போ கணக்கு

ஆறு பல்சக்கர ஃப்ரீவீல்ல ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம் சுமார் 5.5 மில்லிமீட்டர். ஏழுல 5. என் லீவர் ஆறுக்கானது, ஒவ்வொரு டிக்குக்கும் டிரெயிலியரை 5.5 மில்லி தள்ளும்.

சின்ன பல்சக்கரத்துல சரியா வச்சுட்டு ஆரம்பிக்கிறேன்னு வைங்க. முதல் டிக்: போக வேண்டியது 5, போனது 5.5. அரை மில்லி தப்பு, மேல் குட்டிச் சக்கரத்துக்குப் பக்கவாட்டுல கொஞ்சம் ஆட்டம் உண்டு, அது சமாளிச்சுக்கும். ரெண்டாவது டிக்: ஒரு மில்லி தப்பு, லேசா கரகர. மூணாவது: ஒண்ணரை. நாலாவது: ரெண்டு. அஞ்சாவது, அதாவது கடைசி டிக்: 27.5 மில்லி. ஆறாவது பல்சக்கரம் இருக்கிறது 25ல, ஏழாவது 30ல. ரெண்டுக்கும் சரியா நட்டநடுவுல!

நான் அப்போ அவர்கிட்டப் போய்ச் சொன்னது இதுதான்: “அண்ணே, பெரிய பல்லுக்கு ஏற மாட்டேங்குது.” அவர் என்ன பண்ணுவார்? கேபிளை இன்னும் இழுத்துக் கட்டினார். அப்பவும் தடுத்தது, அதனால டிரெயிலியர் ஸ்போக்ஸ் பக்கம் போகாமத் தடுக்கிற திருகைத் தளர்த்திவிட்டார். ஏறுச்சு. நானும் சந்தோஷமா மலைக்குக் கிளம்பிட்டேன். தடுப்பு இல்லாத டிரெயிலியர், அளவு மீறிப் போகுற டிக், மலையேத்தத்துல முழு பலத்தோட ஒரு மிதி. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

ஆக, அவர் செஞ்ச ஒவ்வொண்ணும் தனித்தனியாப் பார்த்தா சரி. தேஞ்சதை மாத்தினார், தளர்ந்ததை இழுத்தார், தடுத்ததைத் திறந்தார். சேர்த்துப் பார்த்தாத்தான் தப்பு. அந்த 5.5ஐயும் 5ஐயும் பொட்டி மேல யாரும் அவருக்கு அச்சடிச்சுக் குடுக்கலை.

கியர் மக்கர் பண்ணினா எந்த வரிசையில பார்க்கணும்

இவ்வளவு தூரம் படிச்சவங்களுக்கு உபயோகமா நாலு வரி. பல பேர் பண்ற தப்பு, முதல்லயே கேபிள் திருகைத் திருப்புறது. அது கடைசிக்கு முந்தின வேலை.

1. சைக்கிளுக்குப் பின்னால நின்னு பாருங்க. டிரெயிலியரோட ரெண்டு குட்டிச் சக்கரமும் பல்சக்கரங்களுக்கு நேர்கோட்டுல தொங்கணும். உள்பக்கம் சாஞ்சிருந்தா அதைத் தாங்குற கொக்கி வளைஞ்சிருக்கு. சைக்கிள் வலது பக்கமா ஒரு தடவை விழுந்தாலே போதும். இதை நிமிர்த்தாம வேற எது பண்ணினாலும் வீண்.

2. கேபிளும் அதோட உறையும். துரு, மடிப்பு இருந்தா டிக் பண்ணினா போகும், திரும்பி வராது. ‘ஏறுது, இறங்க மாட்டேங்குது’ன்னா முக்கால்வாசி இதுதான். பத்துல ஒம்பது பேர் டிரெயிலியரைத் திட்டுவாங்க, குத்தவாளி கேபிள்.

3. எச், எல்னு ரெண்டு எல்லைத் திருகு. எச் சின்ன பல்சக்கரத்தைத் தாண்டி வெளிய விழாமத் தடுக்கும், எல் ஸ்போக்ஸுக்குள்ள போகாமத் தடுக்கும். கியர் ஏறலைன்னு எல் திருகைத் திறக்காதீங்க. பட்டவன் சொல்றேன்.

4. அப்புறம்தான் கேபிள் முனையில இருக்கிற திருகு. பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்குனா வெளிப்பக்கமா, அதாவது இடஞ்சுழியா, கால் சுத்து. சின்னதுக்கு இறங்கத் தயங்குனா எதிர்ப்பக்கம்.

5. செயின் தேய்மானம். 12 முழு இணைப்பு 304.8 மில்லிமீட்டர் இருக்கணும். ஒண்ணரை, ரெண்டு மில்லி நீண்டிருந்தா செயினை மாத்திடுங்க. இல்லைன்னா அது பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்னுடும்.

6. நடுவுல சரியா இருந்து ஓரத்துல தப்புது, ஓரத்தைச் சரி பண்ணினா நடுவுல தப்புது. இப்படி இருந்தா நாள் முழுக்கத் திருகினாலும் நிக்காது. லீவரும் பின் பல்சக்கரமும் ஒரே எண்ணிக்கைதானா, லீவரும் டிரெயிலியரும் ஒரே குடும்பம்தானான்னு எண்ணிப் பாருங்க. எங்க அண்ணன் சொன்ன “எங்கிட்டும் நிக்காது” இந்த ஆறாவது நோய்க்குத்தான். காரணம் தெரியாமலே நோயைச் சரியாக் கண்டுபிடிச்சிருக்கார். அதுக்கு அவர் பண்ணின வைத்தியமும், ஒரு பதினாலு வயசுப் பையன் மறுபடி மலையில விழாம இருக்க, தப்பே இல்லை.

திரும்பவும் கடைக்கு

அந்தச் சைக்கிளோட நடு பல்சக்கரம் மட்டும் ஒத்தையா உழைச்சுத் தேஞ்சு கூராகிக் கிடந்தது. புது ஃப்ரீவீல் தேடினேன், இப்பவும் கிடைச்சது ஏழுதான். டிரெயிலியர் ஒண்ணு, செயின் ஒண்ணு. லீவர் மட்டும் டிக் இல்லாத பழைய உராய்வு வகை வாங்கினேன். இன்னும் செய்யுறாங்க, விலையும் கம்மி. அதுக்குப் பின்னால ஆறா ஏழான்னு கவலையே கிடையாது.

எல்லாத்தையும் பையில போட்டுக்கிட்டு அவர் கடைக்குப் போனேன். இப்போ அங்க பைக் பஞ்சர்தான் அதிகம். “வாங்க தம்பி, மெட்ராஸ்ல இருந்து எப்ப வந்தீக?”ன்னார். நான் இருக்கிறது பெங்களூர். திருத்தலை.

ரெண்டு பேரும் சேர்ந்து மாட்டினோம். எல்லைத் திருகு ரெண்டையும் நான் வச்சேன். பின் வீலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கையால பெடலைச் சுத்தி, அவரை லீவரைத் தள்ளச் சொன்னேன். முதல்ல கரகரன்னு கத்துச்சு. தலையைச் சாய்ச்சுக் கேட்டார். கட்டைவிரலை ஒரு நெல்லு அளவு பின்னால இழுத்தார். சத்தம் நின்னுபோச்சு. ரெண்டு நிமிஷத்துல ஏழையும் மேலயும் கீழயும் ஓட்டிட்டார். எனக்கு அதைப் பழக அரை நாள் ஆச்சு.

“இது சரியான வேலை”ன்னார். நான் 5.5, 5 கணக்கைச் சொன்னேன். முழுசாக் கேட்டார். “அன்னைக்குத் தப்பு உங்க மேல இல்லண்ணே. நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்”னேன்.

அவர் அதுக்குப் பதில் சொல்லலை. எந்திரிச்சு உள்ள போய் ஒரு சாக்கை விலக்கிக் காட்டினார். நாலு கியர் சைக்கிள், தூசி படிஞ்சு. ஆளுக பாதியில விட்டுட்டுப் போனது, சரி பண்ண முடியாம ஓரங்கட்டினது.

“இந்த லீவரு இன்னும் நாலு கெடைக்குமா தம்பி?”

பெங்களூர் வந்த மறுநாளே அனுப்பிட்டேன். மூணு ஓடுதாம். நாலாவதுக்குக் கொக்கியே உடைஞ்சு கிடக்கு, அதுக்குத்தான் இப்போ அளவு எடுத்துப் போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கேன். இந்தத் தடவை மில்லிமீட்டர்ல :-)